அணைக்கக் கூடாத லேப்டாப்

சர்வீஸ் சென்டரில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாகப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவள். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே அதைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள தண்ணி போயிருக்கு" என்பாள். திறந்து பார்த்தால் போயிருக்கும். மேனேஜருக்கே அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. அப்படிப்பட்டவளைத் தலைமை அலுவலகம் நான்கு வரி மெயிலில் ஆட்டிவைத்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ்த் தேர்வில் தேறாதவர்கள் முன் கவுண்டருக்குப் போய்விட வேண்டுமாம்.

முன் கவுண்டர் என்றால் டோக்கன் கொடுப்பது. "உட்காருங்க சார், கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பது. டாக்டரம்மாவுக்குச் சிரிக்க வராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்து நாசம் பண்ணுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு எரிந்தது. மேசை போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று இரண்டு வாரமாக யோசித்துவிட்டாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் அதற்கான விதிகளைப் படித்தால் சிறைக்குப் போவதே தேவலை என்று தோன்றும். தனி அறை, வெறும் சுவர், கதவு உள்ளே தாழிட்டிருக்க வேண்டும். மேசைமேல் லேப்டாப் தவிரப் பேனாகூடக் கூடாது. கைக்கடிகாரம், காதுத் தோடு, தலைக் க்ளிப் எதுவும் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்தாலும் கேள்வியை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாலும் தேர்வு ரத்து. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவர்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவது படுக்கையறைக் கதவு ஒன்றில்தான். வீட்டின் ஒரே பாத்ரூமுக்கும் அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை யாரும் உள்ளே வரக் கூடாது என்று முந்தைய நாளே உத்தரவு போட்டிருந்தாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்யும் புருஷன், இரத்த அழுத்தத்துக்காகக் காலையில் நீர் மாத்திரை போடுகிறவர். பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒன்றரை மணி நேரமாம்மா?"

"எட்டேமுக்காலுக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும் போய்க்கங்க. அப்புறம் கதவைத் தட்டினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

கல்லூரியில் படிக்கிற மகள் அவள் பங்குக்கு ஒன்று சொன்னாள். "அம்மா, பேசாம என் லேப்டாப்புல எழுதும்மா. புதுசு."

"எது நல்ல லேப்டாப்புன்னு நீ எனக்குச் சொல்றியா?" என்று கேட்டாள் டாக்டரம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

அவளுடைய லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரார் லேப்டாப்பையெல்லாம் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பவள் வீட்டில் வைத்திருந்தது கழித்துப் போட்ட மூன்று மெஷின்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பிறவி. திரை ஒன்றிலிருந்து, கீபோர்டு இன்னொன்றிலிருந்து, கேமரா மூன்றாவதிலிருந்து. கேமராவையும் கணினியையும் பேசவைக்கிற டிரைவர் என்ற மென்பொருள் இந்தக் கூட்டணிக்குப் பொருந்தாமல் முரண்டு பிடித்தது. பழைய டிரைவர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பதினோராவதில் படியவைத்தாள். பவர் பட்டன் செத்து ஆறு மாதம் ஆகிறது. அதனால் அவள் லேப்டாப்பை அணைப்பதே இல்லை, தூங்கவைப்பாள், எழுப்புவாள். தப்பித் தவறி அணைந்துவிட்டால் பின்மூடியைக் கழற்றி, போர்டில் பட்டனுக்கான இரண்டு புள்ளிகளை ட்வீசர் என்கிற சின்ன இடுக்கியின் நுனியால் ஒருசேரத் தொட்டால் உயிர் வரும். பட்டனை மாற்றப் பத்து நிமிட வேலைதான். சொந்த மெஷின் என்பதால் அந்தப் பத்து நிமிடம் ஆறு மாதமாக அகப்படவில்லை.

ஒன்பது மணிக்குக் கண்காணிப்பாளரின் குரல் வந்தது. இளம் குரல், அச்சடித்த மரியாதை. "வணக்கம் மேடம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. அறையைச் சுத்திக் காட்டுங்க. மேசைக்கு அடியில. பாத்ரூமையும் திறந்து காட்டுங்க. காதைக் காட்டுங்க." லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாலு சுவரையும் காட்டினாள். கடிகாரத்தைக் கழற்றிய இடத்தில் ஓர் ஆணி இருந்தது. அது என்ன என்று கேட்டு, ஆணிதான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு தேர்வு மென்பொருள் திரை முழுவதையும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பின்னால் போக வழியே இல்லை.

அறுபது கேள்விகள். முதல் இருபத்திரண்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரேம் ஆடினால் எத்தனை பீப் கேட்கும், ஹீட்சிங்க் பேஸ்ட் காய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். இதைக் கேட்கவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று உள்ளுக்குள் நக்கல் பண்ணிக்கொண்டே போனாள். இருபத்துமூன்றாவது கேள்வியில் கேமராவின் பச்சை விளக்கு அணைந்தது.

"மேடம், உங்க வீடியோ வரலை."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தேர்வு மென்பொருள் உள்ளே நுழைந்ததும் மெஷினைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு அப்டேட்டை ஓடவிட்டிருக்கிறது. அது அவள் பாடுபட்டுப் படியவைத்த டிரைவரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறது. பழைய டிரைவருக்குத் திருப்பிவிட்டால் நாற்பது வினாடியில் தீரும். அதை அப்படியே சொன்னாள்.

"செட்டிங்ஸைத் திறந்தா தேர்வு ரத்து மேடம். நான் சொல்ற ஸ்டெப்பை மட்டும் செய்யுங்க. ஒண்ணாவது, கேமரா மேல ஸ்டிக்கர் எதுவும் ஒட்டியிருக்கான்னு பாருங்க."

"ஸ்டிக்கர் இருந்தா இருபத்திரண்டு கேள்வி வரைக்கும் என்னைப் பார்த்திருப்பீங்களா தம்பி?"

"ஸ்டிக்கர் இல்லைன்னு குறிச்சுக்கறேன் மேடம். ரெண்டாவது, மென்மையான துணியால லென்ஸைத் துடைங்க."

துடைத்தாள். தன்னிடம் வந்து லென்ஸைத் துடைக்கச் சொல்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். மூன்றாவது ஸ்டெப்புக்கு அவர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மூணாவது, கம்ப்யூட்டரை முழுசா ஷட் டவுன் பண்ணுங்க. முப்பது செகண்டு கழிச்சு பவர் பட்டனை அழுத்தி ஆன் பண்ணுங்க. பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள திரும்ப உள்ள வந்துடணும்."

"ரீஸ்டார்ட் பண்ணட்டுமா தம்பி? ரெண்டும் ஒண்ணுதான்."

"ஷட் டவுன்னுதான் போட்டிருக்கு மேடம்."

"இல்ல தம்பி, இதுல பவர் பட்டன் வேலை செய்யாது. அணைச்சா இங்க உட்கார்ந்துக்கிட்டு எழுப்ப முடியாது."

அந்தப் பக்கம் மறுபடி தாள் புரண்டது. "அப்படின்னா தேர்வருடைய கம்ப்யூட்டர் தகுதியானது இல்லைன்னு எழுதி, தேர்வை மூடணும் மேடம். எழுதட்டுமா?" அவர் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கு மேலேயும் யாரோ உட்கார்ந்து அவர் ஸ்டெப் மாறாமல் சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இது அவளுக்குப் புரிந்ததால் கோபப்படக்கூட வழி இல்லாமல் போயிற்று.

"எழுதாதீங்க. அணைக்கிறேன்" என்றாள்.

திரை கறுத்தது. ஃபேன் நின்றது. அதற்கப்புறம் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

சிரிப்பாகச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேமரா இல்லை, மைக் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை. அவளைப் பார்க்க உலகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. முதுகை நிமிர்த்தி, கைகளை மேசைமேல் வைத்து, கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்தது. தோடு இல்லாத காது, விரித்துப் போட்ட தலைமுடி. ஒரு குண்டூசி கிடைத்தால்கூடப் போதும், அந்த இரண்டு புள்ளிகளைத் தொட்டுவிடலாம். ஆனால் அறையைப் பெருக்கித் துடைத்து, ஊசி முதல் சாவி வரை எல்லாவற்றையும் முந்தின நாள் வெளியே கொண்டுபோய் வைத்தவள் அவளேதான். சுவரில் இருந்த ஆணியை நகத்தால் பிடுங்க முடியுமா என்றுகூட யோசித்தாள். அது அவள் கையாலேயே அடித்த ஆணி, அசையாது.

மணி பார்க்கக் கடிகாரமும் இல்லை. மனதுக்குள் அறுபது அறுபதாக எண்ணினாள். நான்காவது அறுபதில் அடுத்த மாதம் தன் மேசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. அவளுடைய ஸ்க்ரூ டிரைவர்களை, அவள் வரிசையாக மாட்டி வைத்திருக்கிற அந்த ஒழுங்கை, யாரோ ஒருவர் கலைத்துப் போடுவார். அதற்கு மேல் எண்ண வரவில்லை. எழுந்தாள், தாழ்ப்பாளை நீக்கினாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கதவுக்கு வெளியே தவம் கிடந்த புருஷன் மலர்ந்த முகத்தோடு கேட்டார்.

"பேசாதீங்க. அலமாரில என் டூல் பையை எடுங்க, சீக்கிரம்!"

பையைக் கொண்டுவந்து கையில் திணித்தார். அவள் ட்வீசரை எடுத்துக்கொண்டு மேசைக்கு ஓடினாள். லேப்டாப்பைக் கவிழ்த்து, ஸ்க்ரூவெல்லாம் போய் வெறும் பிடியில் நிற்கிற மூடியை நகத்தால் நெம்பி எடுத்தாள். புள்ளிகள் இரண்டையும் தொட்டாள். முதல் தடவை ட்வீசர் வழுக்கியது. பதினான்கு வருடத்தில் அவள் கையில் அது வழுக்கியதில்லை. இரண்டாவது தடவை ஃபேன் சுழன்றது. அப்போதுதான் பின்னால் பாத்ரூம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

மனுஷர் சந்தடி சாக்கில் உள்ளே புகுந்துவிட்டார்.

"ஏங்க! வெளிய வாங்க!"

"ரெண்டே நிமிஷம்மா."

இரண்டு நிமிடம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. மூடியை அழுத்திப் பொருத்தி, டூல் பையை வெளியே தள்ளி, அறைக் கதவைத் தாழிட்டாள். லேப்டாப் எழுந்ததும் செட்டிங்ஸைத் திறந்து, புதிய டிரைவரை நீக்கி, பழையதற்குத் திருப்பி, அப்டேட் மறுபடி அதைத் தொடாதபடி நிறுத்திவைத்தாள். விளக்கு பச்சையாயிற்று. திரை ஓரத்து மணியைப் பார்த்தாள். அணைத்துப் பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"ஏங்க, அங்கேயே இருங்க. நான் சொல்ற வரைக்கும் தண்ணி திறக்கக் கூடாது, இருமக் கூடாது, மூச்சுகூட மெதுவா விடணும். கேக்குதா?"

உள்ளிருந்து பதில் வரவில்லை. உத்தரவை அப்போதே கடைப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது.

கண்காணிப்பாளர் திரும்ப வந்தார். மறுபடி நாலு சுவர், மேசைக்கு அடி, காது. பாத்ரூம் பக்கம் வரும்போது கேமராவைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள். இந்தத் தடவை அதைத் திறந்து காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. பிறகு தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்.

"இடைவேளையில நாற்காலியை விட்டு எழுந்தீங்களா?"

"இல்ல."

"கதவைத் திறந்தீங்களா?"

"இல்ல."

"அறையில வேற யாராவது இருக்காங்களா?"

பாத்ரூம் அறையோடு சேர்த்தியா இல்லையா என்று விதிகளில் போடவில்லை என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். "இல்ல."

"கம்ப்யூட்டர்ல எதையாவது மாத்தினீங்களா? கோளாறு எப்படிச் சரியாச்சுன்னு நான் எழுதணும்."

மேசைக்கு லேப்டாப்பைக் கொண்டு வருகிறவர்களிடம் டாக்டரம்மா முதலில் கேட்கிற கேள்வி இதேதான். என்ன பண்ணீங்க? காபியைக் கொட்டியிருப்பார்கள், படிக்கட்டில் உருட்டிவிட்டிருப்பார்கள். கேட்டால் கண் இமைக்காமல், "ஒண்ணுமே பண்ணலைங்க, தானா போயிடுச்சு" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உண்மையைச் சொன்னால் பாதி வேலை மிச்சம், மெஷின்கிட்ட பொய் சொல்லி என்ன சாதிக்கப் போறீங்க என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்திருக்கிறாள்.

"ஒண்ணுமே பண்ணலை தம்பி" என்றாள். "தானா சரியாயிடுச்சு."

பவர் பட்டன் வேலை செய்யாது என்று அவளே சொன்னதை அவர் கேட்டிருந்தார். அவள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது, அவர் கேட்டதும் பதிவாகியிருக்கிறது. இரண்டு பேரும் அந்தப் பதிவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி மேடம்" என்றார் கடைசியில். "தொடருங்க."

மிச்சத்தை எழுதினாள். கண் கேள்வியைப் படித்தது, காது பாத்ரூமைக் கேட்டது. உள்ளே ஏதோ வாளி லேசாக உரசியது. அவள் உடனே தொண்டையைச் செருமி அதை மறைத்தாள். நாற்பத்தொன்றாவது கேள்வி அவளைப் பார்த்துச் சிரித்தது. தானியங்கி அப்டேட்டுக்குப் பிறகு கேமரா இயங்கவில்லை, முதலில் செய்ய வேண்டியது என்ன? துடைக்க வேண்டும் என்று ஒரு விடை, ஷட் டவுன் செய்ய வேண்டும் என்று ஒரு விடை, கேமராவை மாற்ற வேண்டும் என்று ஒரு விடை. பழைய டிரைவருக்குத் திருப்ப வேண்டும் என்பது நான்காவது. எதைச் செய்ததற்காக அவள் குற்றவாளியோ அதற்கு இங்கே முழு மதிப்பெண். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அறுபதும் முடிந்து பொத்தானை அழுத்தியதும் திரையில் வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு வந்தது: தேர்ச்சி. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.

மேசை தப்பித்தது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வாழ்த்துகள் மேடம்" என்றது குரல். "ரெக்கார்டிங்கை நிறுத்திட்டேன்." கொஞ்சம் தயங்கியது. இப்போது அதில் அச்சடித்த மரியாதை இல்லை, வீட்டில் பேசுகிற பேச்சாக இருந்தது. "மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அம்மாவோட லேப்டாப்புலயும் பவர் பட்டன் போயிடுச்சு. அவங்க போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ரெண்டு கடையில கேட்டேன், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. பட்டன் இல்லாம நீங்க எப்படி ஆன் பண்ணீங்க?"

டாக்டரம்மாவுக்கு உதடு வரைக்கும் வந்துவிட்டது. பின்மூடியைக் கழட்டுங்க தம்பி, ஓரத்துல சின்னதா ரெண்டு புள்ளி இருக்கும். இரண்டே வாக்கியம். ஒண்ணும் பண்ண முடியாது என்று சொன்ன அந்தக் கடைக்காரர்களை நினைத்தால் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. போட்டி கடைக்காரன் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். கேட்டவர்களுக்குச் சொல்லாமல் இருந்ததே கிடையாது, கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

கேமராவின் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம், இதுவும் அவர் தாளில் இருக்கிற கடைசி ஸ்டெப்பாகவும் இருக்கலாம். மெஷின் எப்போது பொய் சொல்கிறது என்று அவளால் காதால் கண்டுபிடிக்க முடியும். மனுஷக் குரலில் அது அவளுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றாள்.

"ஓ. பரவாயில்ல மேடம்" என்றார் அவர். ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. "வைக்கிறேன்."

விளக்கு அணைந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எண் கிடையாது. தேர்வு ஜன்னலும் மூடிக்கொண்டுவிட்டது.

பாத்ரூம் கதவு மெல்லத் திறந்தது. வேர்த்து விறுவிறுத்துப்போய்ப் புருஷன் வெளியே வந்தார். மூன்றடி தள்ளி நின்று அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான இருபது வருடத்தில் அவள் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"போகட்டும்மா" என்றார். "தெரியாததைக் கேட்டுட்டாங்க, அதுக்கு நீ என்ன பண்ணுவே? முன் கவுண்டரும் ஒரு வேலைதானே."

"பாஸ் ஆயிட்டேங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஓவென்று அழுதாள்.